இடம்புரி ஒளியும் வலம்புரி ஒளியும்

சில ஆண்டுகளுக்கு முன் மீலாது மேடையொன்றில் நாம் பேசிய பேச்சு இன்றளவும் நம் நெஞ்சை உறுத்திக் கொண்டிருக்கின்றது. பஸராவில் பிறந்து காஹிராவில் மறைந்த பேரறிஞர் இப்னுல் ஹைத்தமைப் பற்றியது அந்தப் பேச்சு. "ஒளியைப் பற்றி இன்று மேலைநாட்டார் கூறுவன யாவும் அவருடைய கிதாபுல் மனாஸிரில் அன்றே கூறப்பட்டுவிட்டன" என்று முழங்கினோம். கூட்டம் மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். கூட்டம் கலைந்தபின், முன்னொரு காலத்தில் நம்மிடம் அரபி இலக்கணம் ஓதி, பின்னர் கல்லூரி சென்று, இப்போது ஆய்வுக்கூடமொன்றில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவரும் ஒருவர் அருகில் வந்து ஸலாம் உரைத்தார்.

"ஹஜ்ரத், நான் அளந்து கொண்டிருப்பது சுழன்று வருகிற ஒளியை. ஒளிரும் பொருளிலிருந்து இடப்பக்கம் சுழன்று வருவது எவ்வளவு, வலப்பக்கம் சுழன்று வருவது எவ்வளவு என்று கணக்கெடுக்கிறேன். அது கிதாபில் எந்த மகாலாவில் வருகிறது?" என்று கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை. அறியும் ஆவலால் கேட்டார். அதனால்தான் அது அதிகமாகச் சுட்டது.

தேடிப் பார்த்தோம். ஏழு மகாலாக்களுள் முதல் மூன்று பார்வையைப் பற்றியவை. அடுத்த மூன்று ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பற்றியவை. ஏழாவது, நீரிலும் கண்ணாடியிலும் முறிந்து செல்லும் ஒளியைப் பற்றியது. சுழலும் ஒளி எங்கும் இல்லை. அதைக் காட்டிக் கொடுத்த படிகக்கல் ஆராய்ச்சியாளர் கைக்கு வந்ததே 1669இல்தான். அந்த மாணவரிடம் நாம் மாணவராக அமர்ந்து கற்றதையும், பின்னர் நூல்களில் படித்தறிந்ததையும் இங்கே எழுதுகின்றோம். மேடைப் பிழைக்கு இது ஒரு கஃப்பாராவாக இருக்கட்டும்.

முதலில் சொற்களைச் சரிசெய்து கொள்வோம். ஒளியின் அதிர்வு ஒரே தளத்தில் அடங்கி நிற்பதைப் பாடநூல்கள் 'தளவிளைவு' என்கின்றன. நல்ல சொல்தான். ஆனால் அதே அதிர்வு திருகாணியின் புரிபோல் வட்டமிட்டுச் செல்லும்போது 'வட்டத் தளவிளைவு' என்பது தளமில்லாத இடத்தில் தளத்தைத் தேடச் செய்கின்றது. நமக்குக் கடற்கரையில் வழங்கும் சொற்களே இதற்குப் போதும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் சங்கு வாணிகம் அறிந்த குடும்பங்களில் இடம்புரி எது, வலம்புரி எது என்று சிறுவருக்கும் தெரியும். ஆயிரமாயிரம் சங்குகள் ஒருபுறம் புரிந்திருக்க, அரிதாக ஒன்று எதிர்ப்புறம் புரிந்திருக்கும். அதையே வலம்புரி என்று போற்றுவர். வேடிக்கை யாதெனில், விலங்கியலார் அதே சங்கின் கூர்நுனியை மேல்நோக்கிப் பிடித்துப் பார்த்து, அதனை இடப்புரி என்று பதிவு செய்கின்றனர். ஒளியிலும் இதே வழக்குண்டு. ஒளி வரும் திசையை நோக்கி நிற்பவர் வலம்புரி என்பதை, ஒளியோடு கூடச் செல்வதாகக் கருதுபவர் இடம்புரி என்பார். ஆகவே ஒழுங்கான ஆய்வாளர், தாம் எங்கு நின்று பார்த்தோம் என்பதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுகின்றார்.

இனி வரலாறு. 1669இல் கோபன்ஹேகனில் எராஸ்மஸ் பார்த்தொலின் என்பவர் ஐஸ்லாந்துத் தீவிலிருந்து வந்த படிகக்கல் ஒன்றின் வழியே எழுத்துகளைப் பார்த்தபோது, ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிவதைக் கண்டு எழுதினார். 1690இல் வெளிவந்த தம் நூலில் ஹைகன்ஸ் இதற்கு விளக்கம் தந்தார். ஆனால், அவ்வாறு பிரிந்த கதிர்களை இரண்டாவது படிகத்தில் செலுத்தினால் அவை ஏன் சாதாரண ஒளியைப் போல நடந்து கொள்வதில்லை என்பதற்கு மட்டும் தமக்கு விடை கிட்டவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நூறாண்டுக்கும் மேலாக அந்த முடிச்சு அவிழவில்லை.

அவிழ்த்தவர் ஏதியன் மாலுஸ். நெப்போலியனின் படையில் பொறியாளராக 1798இல் எகிப்துக்கு வந்தவர். 1799இல் யாஃபாவில் கொள்ளைநோய் கண்டு பிழைத்தவர். காஹிராவில் பிரெஞ்சுக்காரர் நிறுவிய எகிப்தியக் கழகத்தில் உறுப்பினராகவும் இருந்தார். இப்னுல் ஹைத்தம் வாழ்ந்து மறைந்த அதே காஹிரா! இதை வைத்து ஓர் உறவைக் கற்பிக்க நம் பேனா துடிக்கின்றது; ஆனால் சான்றில்லை. வந்தவர் படையெடுத்து வந்தவர்களுள் ஒருவர், அவ்வளவே. 1808இல் பாரிஸில், லக்ஸம்பர்க் அரண்மனையின் சன்னல் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை ஐஸ்லாந்துப் படிகத்தின் வழியே பார்த்துக் கொண்டு, படிகத்தைத் திருப்பினார் மாலுஸ். தெரிந்த இரு பிம்பங்களுள் ஒன்று மங்க, மற்றொன்று ஒளி கூடிற்று. கண்ணாடியில் பட்டுத் திரும்பியதாலேயே ஒளிக்குப் 'பக்கங்கள்' உண்டாகிவிடுகின்றன என்று தெளிந்தார். அப்பண்புக்குத் துருவத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயரிட்டார். இன்றைய அரபி நூல்கள் அதை 'இஸ்திக்தாப்' என்கின்றன. 'குத்பு' என்னும் வேரிலிருந்து பிறந்த சொல். குத்பு நாயகம் என்று நாம் வழங்கும் சொல்லின் வேரும் அதுவே. மாலுஸ் 1812இல், முப்பத்தாறு வயதில் மறைந்தார்.

அவருக்குப்பின் பாரிஸில் பணி விரைந்தது. 1811இல் அராகோ, குவார்ட்ஸ் பளிங்கின் வழியே சென்ற தளவிளைவு ஒளியில் புதிய வண்ணங்களைக் கண்டார். 1815இல் பியோ, டர்பன்டைன் போன்ற திரவங்களும் அத்தளத்தைத் திருப்புகின்றன என்று காட்டினார். ஏன் திருப்புகின்றன? விடையைத் தந்தவர் ஃபிரெனெல்.

கயிற்றில் தொங்கும் கல்லை வடக்கு தெற்காக ஆடவிடுங்கள். அது நடுவைக் கடக்கும் வேளையில் கிழக்கு நோக்கித் தட்டுங்கள். தட்டும் விசை சரியாக அமைந்தால் கல் வட்டமிடத் தொடங்கும். மேற்கு நோக்கித் தட்டினால் எதிர்வட்டம். ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு அதிர்வுகள், அலையின் காற்பங்கு முன்பின்னாக இணைந்தால் ஒளியும் அவ்வாறே சுழலும் என்பது ஃபிரெனெல் 1822இல் உரைத்தது. தளவிளைவு ஒளி என்பது இடம்புரியும் வலம்புரியும் சம அளவில் கலந்த கலவை. பளிங்கினுள் ஒன்று முந்த ஒன்று பிந்துவதால் தளம் திரும்புகின்றது என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. இடப்பளிங்கையும் வலப்பளிங்கையும் முப்பட்டகங்களாக வெட்டி ஒட்டி, இருவகை ஒளியையும் தனித்தனியாகப் பிரித்தே காட்டினார். அவரும் 1827இல், நாற்பதை எட்டுமுன் மறைந்தார்.

இதன்பின் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்தே கூற வேண்டும். 1848இல் இருபத்தைந்து வயது லூயி பாஸ்டர், திராட்சையின் புளிப்பு அமிலத்தைச் சேர்ந்த ஓர் உப்பின் படிகங்களைப் பார்க்கையில், அவற்றின் சிறுமுகங்கள் சிலவற்றில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் சாய்ந்திருக்கக் கண்டார். கையாலேயே பொறுக்கிப் பிரித்து, தனித்தனியே கரைத்து, ஒளியைச் செலுத்தினார். ஒரு கரைசல் தளத்தை வலப்புறம் திருப்பிற்று; மற்றது அதே அளவு இடப்புறம் திருப்பிற்று. செய்தி முதியவர் பியோவிடம் சென்றது. அவர் பாராட்டுரை அனுப்பவில்லை, இளைஞரை வரவழைத்தார். தாமே சோதித்து வைத்திருந்த அமிலத்தைத் தாமே கொடுத்தார். சேர்க்க வேண்டிய சோடாவையும் அம்மோனியாவையும் தாமே கொடுத்தார். கரைசலைத் தம் இடத்திலேயே வைத்துப் படிகமாக விட்டார். பாஸ்டர் தம் கண்முன்னே படிகங்களைப் பிரித்தபின், கரைப்பதையும் கருவியில் பார்ப்பதையும் தாமே செய்தார். பார்த்தபின்தான் பாஸ்டரின் கையைப் பற்றிக் கொண்டார். கூறுபவர் நல்லவர் என்பது போதாது. கூற்று தம் கைப்பட நிறுவப்பட வேண்டும் என்பது பியோவின் முறை.

இந்த முறைக்கு இப்னுல் ஹைத்தமின் நூலில் ஒரு பெயருண்டு: இஃதிபார். சோதித்து உறுதி செய்தல் என்பது பொருள். ஒரு சிறு எடுத்துக்காட்டு: துளையொன்றின் எதிரே பல விளக்குகளை வெவ்வேறிடங்களில் வைத்தால், துளைக்கு அப்பாலுள்ள இருட்டறையின் சுவரில் அத்தனை ஒளித்திட்டுகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டும் மறையும்; திரையை நீக்கினால் அதே இடத்தில் மீண்டும் தோன்றும். ஒளிகள் துளையில் கலந்தும் ஒன்றையொன்று குழப்புவதில்லை என்பதை அவர் இவ்வாறு நிறுவினார். இந்த 'மறைத்துப் பார், திறந்து பார்' என்னும் முறையை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்; மீண்டும் இதனிடம் வருவோம்.

1895இல் எமே கோத்தோன் மற்றொரு கதவைத் திறந்தார். சில வண்ணக் கரைசல்கள் இடம்புரி ஒளியையும் வலம்புரி ஒளியையும் சம அளவில் விழுங்குவதில்லை என்று கண்டார். விழுங்குவதில் வேறுபாடு உண்டென்றால் உமிழ்வதிலும் இருக்க வேண்டாமா? புற ஊதா ஒளி பட்டதும் தன்னொளி காட்டும் பொருள்களை 1852இலேயே ஸ்டோக்ஸ் ஆராய்ந்து பெயரிட்டிருந்தார். அந்த ஒளிர்வு சுழல்கின்றதா என்பது தெரிய மேலும் நூறாண்டு வேண்டியிருந்தது. 1948இல் சோவியத் நாட்டின் சமோய்லவ், கடுங்குளிரில் வைத்த சோடியம் யுரேனைல் அசிட்டேட் படிகத்தின் ஒளிர்வில் முதன்முதலாக அதைக் கண்டார். அங்கே புரி இருந்தது படிகத்தின் அடுக்கில், கரைத்துவிட்டால் போய்விடும். கரைசலில் மிதக்கும் மூலக்கூறுகளே சுழலொளியை உமிழ்கின்றன என்பதை 1967இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் எமெய்ஸும் ஊஸ்டர்ஹாஃபும் காட்டினர்.

இதனால் என்ன பயன் என்று நாம் மாணவரைக் கேட்டோம். ஒளியை விழுங்குவது அமைதியாக இருக்கும் மூலக்கூறு. உமிழ்வதோ கிளர்ச்சியுற்று நிற்கும் மூலக்கூறு. கிளர்ச்சியுற்ற அந்தக் கணநேரத்தில் அதன் உருவம் எப்படி வளைந்திருந்தது என்பதை உமிழும் ஒளியின் புரியே சொல்லும் என்றார். நமக்கு விளங்கிற்று.

அளப்பதுதான் அரிது. இடம்புரியின் அளவிலிருந்து வலம்புரியின் அளவைக் கழித்து, வருவதை இரண்டின் சராசரியால் வகுத்துக் கிடைப்பதை வேறுபாட்டுக் காரணி என்பர். ஒளி முழுவதும் ஒருபுரியாகவே இருந்தால் அது 2. சமமாக இருந்தால் 0. சாதாரணக் கரிம மூலக்கூறுகளில் அது ஆயிரத்தில் ஒன்று என்னும் அளவில் நிற்பது இயல்பு. கணக்கைப் பாருங்கள். 10,000 ஒளித்துகள்களை எண்ணினால் இடத்துக்கும் வலத்துக்கும் வேறுபாடு 5 மட்டுமே. எண்ணிக்கை தற்செயலாக ஏறியிறங்குவதோ அதன் வர்க்கமூல அளவில், அதாவது 100 வரை இருக்கும். ஐந்து எங்கே, நூறு எங்கே? 10 இலட்சம் எண்ணினாலும் வேறுபாடு 500, தடுமாற்றம் 1,000. 10 கோடி எண்ணும்போதுதான் வேறுபாடு 50,000 ஆகித் தடுமாற்றமாகிய 10,000ஐ வென்று நிற்கும். உமிழும் பொருளோ மங்கலாக ஒளிர்வது. நீண்டநேரம் விளக்கின் முன் வைத்தால் சிதைந்தும் போவது.

எளிய வழி ஒன்றுண்டு. ஒளியின் ஒரு கூறை அலையின் காற்பங்கு பிந்தச் செய்யும் மெல்லிய தகட்டில் சுழலொளி பட்டால் இடம்புரி ஒரு தளத்திலும், வலம்புரி அதற்குக் குறுக்கான தளத்திலும் அதிரத் தொடங்கும். பிறகு ஒரு வடிகட்டியை வைத்து முதலில் இதையும் பிறகு அதையும் பார்க்கலாம். ஆனால் சாதாரணக் காற்பங்குத் தகடு ஒரு நிறத்துக்கே சரியாக அமையும். பல நிறங்களுக்கும் பொருந்துமாறு மூன்று தகடுகளைக் கோணம் மாற்றி அடுக்கும் முறையை 1955இல் பெங்களூரில் சர் சி. வி. இராமனின் நிறுவனத்திலிருந்து பஞ்சரத்னம் வெளியிட்டார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். 1969இல் ஆக்ஸ்போர்டில் முப்பத்தைந்து வயதில் மறைந்தார். இந்தத் துறையில் இளமையில் மறைந்தோர் இத்தனை பேரா என்று மனம் கலங்குகின்றது.

தகடு சரியானாலும் இன்னொரு குறை நீங்காது. முதலில் இடத்தை அளந்து, பிறகு வலத்தை அளப்பதற்குள் விளக்கு சற்றே மங்கியிருக்கும். பொருள் சற்றே சிதைந்திருக்கும். வரும் வேறுபாடு ஒளியினுடையதா, காலத்தினுடையதா? இதற்கு மருந்து 1960களில் கிடைத்தது. பிரான்சில் பியார்தோனும் பாதோஸும் 1966இலும், அமெரிக்காவில் கெம்ப் 1969இலும் விளக்கிய கருவி அது. கண்ணாடியை அழுத்தினால் அது படிகம்போல் நடந்து கொள்ளும் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புரூஸ்டர் கண்டிருந்தார். அதைப் பயன்படுத்தி, தூய சிலிக்காச் சட்டமொன்றை மின்னால் அதிரச் செய்தனர். வினாடிக்கு சுமார் 50,000 முறை அது நீளும், சுருங்கும். நீளும்போது இடம்புரியை வடிகட்டி கடக்கவிடும். சுருங்கும்போது வலம்புரியைக் கடக்கவிடும். இரண்டும் சமமாக இருந்தால் அப்பால் நிற்கும் ஒளியுணரி நிலையான ஒளியையே காணும். சிறிது வேறுபட்டாலும் அந்த ஒளியின்மீது 50,000 தாளத்தில் ஒரு சிற்றலை எழும். அந்தத் தாளத்தை மட்டும் பற்றிக் கொள்ளும் மின்பெருக்கி, மற்ற ஏற்ற இறக்கங்களைத் தள்ளிவிடும். சந்தனக்கூட்டு இரைச்சலின் நடுவே, கூட நடந்துவரும் ஃபக்கீரின் தாயிராத் தாளத்தை விரலால் தட்டிக் கொண்டே கேட்டால் அது மட்டும் தெளிவாகக் காதில் விழும் அன்றோ? அதுபோல. சிற்றலையை நிலையான ஒளியால் வகுத்துவிட்டால் விளக்கு மங்குவதும் பொருள் சிதைவதும் கணக்கிலிருந்து நீங்கிவிடும். பின்வந்த கருவிகளில், வரும் ஒவ்வொரு ஒளித்துகளும் அந்த நொடியின் நிலையைப் பொறுத்து இடக்கணக்கிலோ வலக்கணக்கிலோ வரவு வைக்கப்படுகின்றது.

இவ்வளவு நுட்பமான கருவிதான் பொய்யும் சொல்லும். இதுவே மாணவர் எமக்கு அழுத்திச் சொன்ன பாடம். ஒளிரும் ஒளியில் சுழலாத தளவிளைவு பெரும்பாலும் கலந்தே இருக்கும்; சுழலொளியைவிடப் பன்மடங்கு மிகுந்தும் இருக்கும். வழியிலுள்ள ஒரு வில்லையிலோ குடுவையின் சுவரிலோ சிறு இறுக்கம் இருந்தாலும், அந்தத் தளவிளைவில் ஒரு பங்கு சுழலொளியாக வேடமிட்டு வந்துவிடும். நிறம் பிரிக்கும் கீற்றணியும் இருதள ஒளியையும் சமமாக நடத்துவதில்லை. எனவே பொருளை அடுத்து உடனே அதிரும் சட்டம், அதன்பின் அசையாத வடிகட்டி, அதன்பின்னரே கீற்றணி என்னும் வரிசை கட்டாயம். பசைபோன்ற கரைசலில் மூலக்கூறுகள் திரும்ப இயலாது நிற்பதால் தூண்டும் ஒளியின் தளம் உமிழும் ஒளியிலும் ஒட்டிக் கொள்ளும். ஆகவே தூண்டும் ஒளியின் அதிர்வு ஒளியுணரியை நோக்கிய திசையிலேயே இருக்கும்படி அமைத்து, அந்தத் தீங்கைக் குறைக்கின்றனர். 1972இல் ஸ்டெயின்பெர்க்கும் காஃப்னியும் நுண்ணிய கருவியொன்றை விவரித்தனர். 1985இல் லெய்டனின் டெக்கர்ஸும் உடனுழைத்தோரும், கருவி எங்கெங்கே ஏமாற்றும் என்பதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினர். தம் கருவியின் குற்றங்களைத் தாமே பட்டியலிடும் அந்தத் துணிவு நமக்கு வியப்பளித்தது. பத்லமியூஸின் நூல்களில் தமக்கெழுந்த ஐயங்களைத் தொகுத்து 'அஷ்ஷுகூக்' எழுதிய இப்னுல் ஹைத்தமுக்கு அது வியப்பளித்திருக்காது.

கருவியைக் குறுக்கு விசாரணை செய்வதற்கு உரிய முறை பாஸ்டர் காலத்ததே. இடமூலக்கூறை அளந்து ஒரு வரைகோடு பெறுங்கள். வலமூலக்கூறை அளந்தால் அதே கோடு ஆடியில் தெரிவதுபோல் தலைகீழாக வரவேண்டும். இரண்டையும் சமமாகக் கலந்தால் கோடு பூச்சியத்தில் படுத்துவிட வேண்டும். இருட்டறையில் விளக்கை மறைத்துப் பார்ப்பதும் இதுவும் ஒன்றே. காரணத்தை நீக்கியும் விளைவு நீங்கவில்லையெனில் அது விளைவன்று, கருவியின் வேடம்.

இவ்வாறு சோதிக்கப்பட்ட கருவிகள் கண்டவை சிலவற்றை மட்டும் கூறுவோம். 1970இல் கெம்ப்பும் தோழர்களும் வெண்குறு விண்மீன் ஒன்றின் ஒளி சுழன்று வருவதைக் கண்டு, அதன் கடுமையான காந்தப்புலத்தை அறிந்தனர். 1980இல் அமெரிக்க மின்மினியொன்றின் புழுக்களை அளந்தபோது, உடலின் இடப்புற விளக்கும் வலப்புற விளக்கும் ஒன்றுக்கொன்று எதிரான புரியில் ஒளிர்வது தெரிந்தது. யூரோப்பியம் என்னும் அருமண் தனிமத்தின் சேர்மமொன்றில் வேறுபாட்டுக் காரணி 1.38 வரை எட்டியதாக 2008இல் அறிவித்தனர். 2020இல் இங்கிலாந்தின் டர்ஹாமில், அதிரும் சட்டமே இல்லாமல் ஒளியை இரு கிளைகளாகப் பிரித்து, இடத்தையும் வலத்தையும் ஒரே வேளையில் அளக்கும் கருவியொன்றை விவரித்தனர். மணிக்கணக்கில் செய்த வேலை அதனால் மிக விரைவாக முடிகின்றது.

சென்ற ஆண்டு அந்த மாணவர் நம் இல்லத்துக்கு வந்து மூன்று வரைபடத் தாள்களைக் காட்டினார். ஒன்றில் கோடு மேல்நோக்கி வளைந்திருந்தது; மற்றொன்றில் அதே வளைவு கீழ்நோக்கி. மூன்றாவது, சமக்கலவையின் கோடு, நேராகப் படுத்திருந்தது. நாம் மகிழ்ந்து வாழ்த்தினோம். அவர் பையிலிருந்து நான்காவதாக ஒரு பழைய தாளை எடுத்தார். அதிலும் சமக்கலவையின் கோடுதான்; ஆனால் நடுவே ஒரு மேடு. குடுவையின் சுவரிலிருந்த இறுக்கமே அந்த மேட்டுக்குக் காரணம் என்று கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆயிற்றாம். அதுவரை எடுத்த அளவுகள் யாவற்றையும் தள்ளிவிட்டு மீண்டும் எடுத்தாராம். அந்தத் தாளை நமக்குத் தரமுடியுமா என்று கேட்டோம். வியந்தார், தந்தார். நம் கிதாபுல் மனாஸிர் பிரதியின் முதல் மகாலாவில், விளக்குகளும் இருட்டறையும் வரும் பக்கத்தில் அதை வைத்திருக்கின்றோம்.